கேற்றுக்கு வெளியே நின்ற மனுசி

எங்கள் வயதுக்காரரிடம் ஒரு கேள்வி. சின்ன வயதில், காரணம் எதுவும் சொல்லாமல், வீட்டில் யாராவது உங்கள் தட்டில் நடுத்துண்டு மீனை வைத்தார்களா? வைத்திருந்தால் சந்தோசமாகச் சாப்பிட்டீர்களா, இல்லை ஏன் வைத்தார்கள் என்று யோசித்தீர்களா? நான் யோசித்தேன். அன்றைக்குத் தொடங்கிய யோசனை இன்னும் நிற்கவில்லை.

எனக்கு அப்போது பதினாலு வயது. எழுபதுகளில், பாணுக்கு வரிசையில் நின்ற காலம் என்றால் உங்களுக்கு விளங்கும். சோளகக் காற்று தொடங்கின நேரம், சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் எல்லோரும் திடீரென்று நல்லவர்களாகிவிட்டார்கள். என் பின்னலை இழுக்காமல் ஒருநாளும் கடந்து போகாத அண்ணை தன் சைக்கிளைத் தந்து ஓடிப் பழகச் சொன்னார். அக்கா யாரையும் தொடவிடாத தன் பவுடர் ரின்னை என் மேசையில் கொண்டுவந்து வைத்தா. கணக்கில் நான் வாங்கிய புள்ளியைப் பார்த்துவிட்டு எங்களைப் பெற்ற ஐயா "பரவாயில்லை" என்றார். அந்தப் புள்ளிக்கு ஐயா "பரவாயில்லை" சொல்வதென்றால் உலகம் அழியப் போகிறது என்று அர்த்தம்.

அதற்கு முன்னால் நடந்தது இவ்வளவுதான். என் கழுத்தில் நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. பரியாரியார் பற்றுப் போட்டார், வற்றவில்லை. பெரியாஸ்பத்திரியில் அதில் ஒரு துண்டை வெட்டி எடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்கள். பதில் வந்த அன்று ஐயா என்னிடம் "ஒண்டுமில்லையாம்" என்றார். சொல்லிவிட்டு நேரே புகையிலைத் தோட்டத்துக்குப் போய் வரம்பில் குந்தியிருந்தார். சோறு ஆறிப்போகும்வரை வரவில்லை. ஒன்றுமில்லாததற்கு ஒரு மனிதன் ஏன் வெயிலுக்குள் போய்க் குந்தவேண்டும்?

புற்றுநோய் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வரவேயில்லை. "உந்த வருத்தம்" என்பார்கள், அதுவும் குரலைத் தணித்து. இன்னொரு காரணமும் இருந்தது. அக்காவுக்கு உரும்பிராயில் ஒரு வாத்தியாரைப் பேசிக்கொண்டிருந்தார்கள். குடும்பத்தில் அந்த வருத்தம் என்று தெரிந்தால் பேச்சு முறிந்துவிடும். அதனால் நான் கிளிநொச்சியில் சித்தப்பா வீட்டில் நின்று படிக்கிறேன் என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, என்னைக் காரில் ஏற்றி வடக்குக் கரைப் பக்கம் இருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் ஐயா ஒரேயொரு புத்திமதிதான் சொன்னார். "ஆர் கேட்டாலும் நீ சண்டிலிப்பாய் இல்லை. விளங்குதோ?"

விளங்கியது. மாப்பிள்ளை வீட்டார் ஆளனுப்பி விசாரிக்கலாம். நான் கண்ணை முழித்துக்கொண்டு இருக்கவேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் காலையில் சீமெந்து ஆலையின் சங்கு கேட்கும். பிறகு காற்று மாறினால் யன்னல் விளிம்பில் சாம்பல் நிறத்தில் தூசி படியும். பெண்கள் வாட்டின் கடைசி மூலையில், பெரியவர்களோடு சேராத மாதிரி இரண்டு கட்டில்கள். யன்னலோரக் கட்டில் எனக்கு. சுவரோரக் கட்டிலில் கரவெட்டி ஊர்ப் பெட்டை ஒருத்தி, எனக்கு அவள் கரவெட்டிக்காரி. என்னைவிட ஒரு வயது மூத்தவள், நெடுவல், கதைக்கும்போது கண்ணைச் சுருக்குவாள். நான் படுக்கையை விரித்து முடிக்குமுன்பே விசாரணையைத் தொடங்கினாள்.

"உனக்கு என்னவெண்டு சொன்னவை?"

"ஒண்டுமில்லையாம்."

"எனக்கும் ஒண்டுமில்லையாம். அங்கை கிடக்கிற ஆச்சிக்கும் ஒண்டுமில்லையாம். இந்த வாட்டிலை ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை. பிறகேன் கட்டில் காணாமல் கிடக்கு?"

அந்த நிமிசமே எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. வீட்டில் நான் ஒருத்திதான் சந்தேகக்காரி. இங்கே இரண்டாவது ஆள் கிடைத்திருக்கிறாள்.

கதிர்ச் சிகிச்சைக்கு அங்கே பெயர் "கறண்ட் பிடிக்கிறது". முதலில் கழுத்தில் ஊதா மையால் கோடு போட்டார்கள். அதைக் கழுவக்கூடாது. கழுவினால் திரும்பவும் முதலிலிருந்து என்று நேர்ஸ் வெருட்டி வைத்திருந்தா. கரவெட்டிக்காரியின் கோடு கழுத்திலிருந்து அக்குள் வரை போகும். "எனக்குத்தான் காணி கூட" என்று பெருமையடிப்பாள். கறண்ட் அறையில் எங்களை மேசையில் கிடத்தி, "பயப்பிடாதேங்கோ, நல்ல சாமான்" என்று சொல்லிவிட்டு எல்லோரும் வெளியே போய்த் தடித்த கதவைச் சாத்திவிடுவார்கள். "நல்ல சாமான் எண்டால் உவை ஏன் ஓடுகினம்?" என்பாள் அவள். இன்றுவரை அந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் பதில் கிடைக்கவில்லை.

பார்க்க வருபவர்கள் கொண்டுவரும் பழங்களை வைத்தும் ஒரு சாத்திரம் வைத்திருந்தோம். வாழைப்பழம் வந்தால் பயமில்லை, உறவுக்காரருக்கு உங்கள்மேல் அக்கறையில்லை. தோடம்பழம் வந்தால் கொஞ்சம் யோசிக்கலாம். முந்திரிகைப் பழம், அதுதான் திராட்சை, வந்தால் பெரியவர்கள் ஏதோ மறைக்கிறார்கள். அப்பிள் வந்தால் கதை முடிந்தது. இறக்குமதி எல்லாம் மறித்திருந்த அந்த நாளில் கொழும்பிலிருந்து யாரோ ஒளித்து ஒரு அப்பிளைக் கொண்டுவருவதென்றால், அது கடைசி ஆசையாகத்தான் இருக்கும். நடுக் கட்டில் ஆசிரியைக்கு ஒருநாள் அப்பிள் வந்தது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் அந்தச் சந்தேகம்தான் எங்களைத் தூக்கி நிறுத்தியது. பயம் வந்தால் போர்த்துக்கொண்டு படுக்கத் தோன்றும். சந்தேகம் வந்தால் எழும்பிப் போய்ப் பார்க்கத் தோன்றும். நாங்கள் எழும்பி எழும்பிப் போய்ப் பார்த்தோம்.

கரவெட்டிக்காரிக்கு ஊசியும் போட்டார்கள். அதற்குப் பிறகு அவள் தலைமயிர் கொத்துக் கொத்தாகத் தலையணையில் கிடந்தது. ஒரு கிழமைக்குள் மொட்டையாகிவிட்டாள். அவள் தாயை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பின்னேரங்களில் பார்வையாளர் வரும் நேரத்தில்தான் எனக்குக் கறண்ட் முறை வரும். திரும்பி வரும்போது தாய் கொண்டுவந்த சாப்பாடு மட்டும் இருக்கும், அதில் எனக்கும் பங்கு. பிறகு என் முறை காலைக்கு மாறியது. நான் பின்னேரங்களில் கட்டிலில் இருக்கத் தொடங்கியபோது தாய் வரவில்லை. தாயின் அக்கா, அவளுடைய பெரியம்மா, வந்தா. அடுத்த முறையும் பெரியம்மா. அதற்கடுத்த முறையும் பெரியம்மாதான்.

"அம்மா எங்கை?"

"அவவுக்குத் தடிமன், மூக்காலை ஓடுது. பேந்து வருவா."

தடிமன் அவ்வளவு நாள் நீடிக்காது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பெரியம்மா போனபின் கரவெட்டிக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"என்ரை தலையைப் பாத்தாப்பிறகுதான் அவ வரேல்லை. அருவருப்புப் போலை."

"விசர்க் கதை கதையாதை."

"அப்ப நீ சொல்லு, ஏன் வரேல்லை?"

நான் அவள் போர்வையை இழுத்து மூடிவிட்டேன். அன்றிலிருந்து அவள் சாப்பாட்டைத் தொடவில்லை. கறண்ட் அறைக்குக் கூட்டிப்போக அற்றெண்டன் வந்தபோது கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழும்ப மறுத்தாள். டொக்டர் வந்து கதைத்தார், நேர்ஸ் ஏசினா, ஒன்றும் எடுபடவில்லை. இப்படி இடையில் விட்டால் இதுவரை செய்ததெல்லாம் வீண் என்று டொக்டர் வெளியே நேர்ஸுக்குச் சொன்னது எனக்குக் கேட்டது. அவள் இல்லாத அந்த மூலையை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதே நாட்களில் எனக்கு இன்னொரு தலையிடி. என் யன்னலால் பார்த்தால் ஆஸ்பத்திரி வாசல் கேற் தெரியும். அதற்கு எதிரே தெருவில் ஒரு பூவரச மரம். பார்வையாளர் நேரத்தில் அந்த மரத்தடியில் ஒரு மனுசி வந்து நிற்பா. கபில நிறச் சேலை, தலையில் முந்தானை. உள்ளே வரமாட்டா. எங்கள் யன்னலையே பார்த்துக்கொண்டு நிற்பா. நேரம் முடிந்து மணி அடித்ததும் போய்விடுவா.

உரும்பிராயார் அனுப்பிய ஆள்தான், வேறு யார்? என்னைப் பார்த்து அடையாளம் பிடிக்க வந்திருக்கிறா. அக்காவின் கலியாணம் என் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் யன்னல் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்தேன். போர்வையைத் தலைவரை இழுத்துப் பார்த்தேன். கடைசியில் பொறுக்கமுடியாமல், கழுத்துக் கோட்டைத் துவாயால் மூடிக்கொண்டு, கேற்றடிக்குப் போனேன். மனுசி தெருவைத் தாண்டிக் கேற்றுக்குக் கிட்ட வந்திருந்தா.

"ஆரைப் பாக்க வந்தனீங்கள்?"

"ஒருத்தரையும் இல்லைப் பிள்ளை. பஸ்ஸுக்கு நிக்கிறன்."

"பஸ் அந்த முடக்கிலையெல்லோ நிக்கும்?"

"ஓமோ? எனக்குத் தெரியாது." முந்தானையை இழுத்துவிட்டா. "பிள்ளை எந்த ஊர்?"

வந்துவிட்டதா விசயம்! "கிளிநொச்சி. கால் முறிஞ்சு வந்தனான்" என்றேன், இரண்டு நல்ல கால்களிலும் நின்றுகொண்டு. மனுசி என் காலைப் பார்க்கவேயில்லை. அது எனக்குப் பிடிக்கவில்லை. உளவு பார்க்க வந்தவள் காலையாவது பார்க்கவேண்டும்.

"உம்மடை பக்கத்துக் கட்டில் பிள்ளை... அவ சாப்பிடுறவவோ?"

சுற்றி வளைக்கிறா என்று நினைத்தேன். அடுத்த கட்டிலைப் பற்றி உண்மை சொன்னால் அக்காவுக்கு நட்டமில்லை. "அவள் ஒண்டும் தொடுறேல்லை. கறண்ட் பிடிக்கவும் போகமாட்டனெண்டு நிக்கிறாள்" என்றேன்.

மனுசி கேற்றுக் கம்பியைப் பிடித்தா. பிடித்த கை அப்படியே கீழே வழுகிக்கொண்டு போய், தெருப் புழுதிக்குள் குந்திவிட்டா. நான் பயந்து வாட்டுக்கு ஓடி வந்துவிட்டேன். கட்டிலில் இருந்துகொண்டு யோசித்தேன். மாப்பிள்ளை வீட்டு ஆளென்றால், யாரோ ஒரு பெட்டை சாப்பிடாததற்கு ஏன் புழுதிக்குள் குந்தவேண்டும்?

அடுத்த நாள் பெரியம்மா சாப்பாட்டைத் தந்துவிட்டு நேர்ஸோடு கதைக்கப் போனா. கரவெட்டிக்காரி வழக்கம்போல் சுவரோடு கதைத்துக்கொண்டு கிடந்தாள். நான் அவள் பங்கையும் சேர்த்துத் திறந்தேன். கத்தரிக்காய்ப் பால்க்கறி. அதற்குள் ஒரு பச்சை மிளகாய், காம்பு கழற்றாமல், நடுவில் மட்டும் கீறியது. முதல் நாட்களில் தாய் கொண்டுவந்த கறியிலும் இப்படித்தான் இருந்தது. நான் காம்பில் பிடித்து அதைத் தூக்கினேன்.

"பெரியம்மாவோ இப்பிடிக் கீறுறவ?"

அவள் திரும்பினாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு மிளகாயையே பார்த்தாள். "பெரியம்மா எங்கை சமைக்கிறவ? அவ பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சிட்டு வந்து அவிச்ச கிழங்கு சாப்பிடுற ஆள். அம்மாதான் இப்பிடிக் கீறுறவ." பிறகு முகம் சிவந்தது. "அப்ப சமைக்க மட்டும் தெரியுது. வரத் தெரியேல்லையோ?"

நான் கேற்றடி மனுசியைப் பற்றிச் சொன்னேன். சேலை நிறத்தைச் சொன்னதும் எழும்பி இருந்தாள். நாங்கள் திட்டம் போட்டோம். அவள் நித்திரை மாதிரிக் கிடக்கவேண்டும். நான் பெரியம்மாவைக் கேட்கவேண்டும்.

பெரியம்மா வந்ததும் கேட்டேன். "பெரியம்மா, கேற்றடியிலை வந்து நிக்கிற மனுசி ஆர்?"

பெரியம்மாவின் கை அடுக்குச் சட்டியின் மூடியில் நின்றது. கட்டிலில் கிடந்தவளைப் பார்த்தா. பிறகு என்னைக் கையில் பிடித்து விறாந்தைக்கு இழுத்துக்கொண்டு போனா. விறாந்தைக்கும் அந்தக் கட்டிலுக்கும் இடையில் ஒரு திறந்த யன்னல்தான் இருந்தது. படித்த மனுசி, அதை யோசிக்கவில்லை.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை பிள்ளை. சாத்திரியார் சொல்லிப்போட்டார், தாயின்ரை பலன் இவளுக்குக் கூடாதாம். இவளுக்கு முந்தி ரண்டைப் பறிகுடுத்தவளெல்லோ. கோயில் வாசலிலை வைச்சு ஒரு கொத்துத் தவிட்டுக்கு இவளை எனக்கு வித்துப்போட்டாள். இப்ப இவள் என்ரை பிள்ளை. தாய் எண்டு முகங்குடுத்துக் கதைக்கவும் கூடாது, என்ரை பிள்ளை எண்டு வாய்திறக்கவும் கூடாது. கொண்டுபோக வாறவனுக்கு இது அவளின்ரை பிள்ளையெண்டு தெரியக்கூடாதாம். சுகம் வந்தாப்பிறகு தவிட்டைத் திருப்பித் தந்து வாங்குவாள்."

"அதை அவளுக்குச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னால் பலிக்காதாம்."

தவிட்டுக்கு விற்ற பிள்ளைகள் உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பார்கள். ஆனால் அது தொட்டிலில் கிடக்கும் பிள்ளைக்குச் செய்வது. பதினைந்து வயதுப் பெட்டையை, அவளுக்கே தெரியாமல் விற்றதை நான் அதற்கு முன்னும் கேள்விப்படவில்லை, பின்னும் கேள்விப்படவில்லை. இப்போது நானும் பிள்ளை பெற்று வளர்த்தவள், எனக்கு அந்தத் தாயில் கோபமில்லை. யமனிடமிருந்து பிள்ளையை ஒளித்துவைக்கப் பார்த்திருக்கிறா. ஒளித்த இடம் பிள்ளைக்கும் தெரியாமல் போனதுதான் பிழை. வருத்தத்தின் பெயரைச் சொல்லக்கூடாது, விற்றதைச் சொல்லக்கூடாது, ஊரைச் சொல்லக்கூடாது. எங்கள் பெரியவர்கள் எங்களைச் சொல்லாமலே காப்பாற்றப் பார்த்தார்கள்.

நான் உள்ளே போனபோது கரவெட்டிக்காரி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அழவில்லை.

"ஒரு கொத்துத் தவிடோ? ஒரு மாட்டுக்கும் காணாது" என்றாள்.

"அவ இப்பவும் நிக்கிறா. போய்க் கூப்பிடு."

"அம்மா எண்டு கூப்பிட்டனெண்டால் பயத்திலை அந்த இடத்திலையே விழுந்திடுவா. பிறகு இந்தப் பக்கமே வரமாட்டா." நகத்தைக் கடித்தாள். "நான் பெரியம்மாவின்ரை பிள்ளையெண்டால், அவ எனக்கு என்ன முறை?"

"சின்னம்மா."

அவள் எழும்பித் துவாயைத் தலையில் கட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, அவிழ்த்துக் கட்டிலில் எறிந்துவிட்டு வெறுந்தலையோடு நடந்தாள். சாப்பிடாத உடம்பு, என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். வாட்டில் எல்லோரும் பார்த்தார்கள். கேற்றடியில் எங்களைக் கண்டதும் அந்த மனுசி சட்டென்று முதுகைத் திருப்பிக்கொண்டா.

"சின்னம்மா!"

முதுகு அசையவில்லை.

"சின்னம்மா, உங்களைத்தான். அம்மா உள்ளுக்கை நிக்கிறா. நீங்கள் ஏன் வெளியிலை நிக்கிறியள்?"

மனுசி மெல்லத் திரும்பினா. மகளின் தலையைப் பார்த்தா, முகத்தைப் பார்த்தா, திரும்பவும் தலையைப் பார்த்தா. குரலைச் சரிசெய்துகொண்டு, வழியில் கண்ட உறவுக்காரியோடு கதைப்பதுபோலச் சொன்னா. "ஓம் பிள்ளை. அக்காவின்ரை மேளைப் பாத்திட்டுப் போவமெண்டு வந்தனான்."

"தலையிலை ஒண்டும் இல்லை, பாத்தியளோ?"

"அக்காவின்ரை பிள்ளையள் எப்பவும் வடிவுதான்."

கேற்றுக் கம்பிக்குள்ளால் கையை விட்டு அந்த மொட்டைத் தலையைத் தடவினா. நான் வேறு பக்கம் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது, ஏன் மறைக்கவேண்டும்?

அன்று பின்னேரம் அவள் கத்தரிக்காய்ப் பால்க்கறி சாப்பிட்டாள். அடுத்த நாள் அற்றெண்டன் வருமுன்பே கறண்ட் அறை வாசலில் போய் நின்றாள். அதற்குப் பிறகு "சின்னம்மா" கேற்றுக்குள்ளே வந்தா, கட்டிலில் இருந்தா, அக்காவின் மகளுக்கு ஊட்டிவிட்டா. வாட்டில் எல்லோருக்கும் விசயம் தெரியும். ஒருவரும் அந்த முறையில் பிழைவிடவில்லை. நேர்ஸ் கூட "உங்கடை சின்னம்மா வந்திட்டா" என்றுதான் வந்து சொல்லுவா.

உரும்பிராயார் ஆளனுப்பவேயில்லை. எனக்கு என்ன வருத்தம் என்பது அக்காவின் மாமியாருக்கு முதல் கிழமையே தெரியுமாம். அக்காவின் கலியாணத்தன்று என் கன்னத்தைத் தடவி, கையில் ஒரு அப்பிளைத் தந்தா. நான் அதைச் சாப்பிடவில்லை.

அந்த வாட்டில் இருந்து எல்லோரும் எங்களைப்போல வீட்டுக்குப் போகவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வருத்தம் மாறியது. ஏன் எங்களுக்கு மட்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வருசக் கணக்காக டொக்டர் கழுத்தைத் தடவிப் பார்த்து "எல்லாம் சரி" என்பார். நான் நம்பமாட்டேன். இப்போதும் காலையில் எழும்பினால் முதல் வேலை கழுத்தைத் தடவிப் பார்ப்பதுதான்.

ஆனால் என்னைவிடப் பெரிய சந்தேகக்காரி கரவெட்டியில் இருந்தா. தோழியின் தாய் அவளைத் திருப்பி வாங்கவேயில்லை. "இப்ப வேண்டாம், இன்னும் கொஞ்சம் பாப்பம்" என்பாவாம். தோழிக்கு முடி வளர்ந்தது, வேலை கிடைத்தது, கலியாணப் பேச்சும் வந்தது. தாய் இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டேயிருந்தா. கலியாணத்தில் பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் தாரை வார்த்துக் கொடுத்தார்கள். பெற்ற தாய் பந்தலின் கடைசியில், அயலட்டைப் பெண்களோடு நின்றா. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "அக்காவின்ரை மேள் வடிவாயிருக்கிறாள், என்ன?" என்று என்னைக் கேட்டா. நான் ஓம் என்றேன்.

தாய் கடைசியாகப் படுக்கையில் விழுந்தபோது தோழிக்கே பேரப்பிள்ளைகள். பெரியம்மா அப்போது உயிரோடு இல்லை. தோழி அரிசி ஆலையில் போய் ஒரு பிடி தவிடு வாங்கிவந்து தாயின் கைக்குள் வைத்தாளாம். பிறகு நடந்ததை அவள் எனக்குப் போனில் சொன்னாள்.

"சின்னம்மா, இதை எனக்குத் திருப்பித் தாங்கோ, வாங்கினதாப் போகும் எண்டன். மனுசி கையைப் பொத்திக்கொண்டா. பொத்தின கையைப் போர்வைக்குள்ளை ஒளிச்சிட்டா. உனக்கு இப்ப என்ன அவசரம் எண்டு கேட்டா."

"பிறகு?"

"பிறகென்ன. அப்பிடியே போய்ச் சேந்திட்டா."

"செத்த வீட்டிலையாவது அம்மா எண்டு கூப்பிட்டனியோ?" என்று கேட்டேன்.

"இல்லையடி. வாய்க்கரிசி போடேக்கையும் சின்னம்மா எண்டுதான் அழுதனான். அவ அவ்வளவு பாடுபட்டு ஒளிச்சு வைச்சவ. நான் ஏன் காட்டிக்குடுப்பான்?"